கழிவுநீர் லாரி வந்து எடுத்துப் போன பிறகும் கழிப்பறையில் தண்ணீர் தேங்குகிறது: பழுது தொட்டியிலா, உறிஞ்சு குழியிலா?

பாளை_மேற்கு எழுதியது:

திருநெல்வேலியில், பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் நஞ்சையாக இருந்து பின்னர் மனைகளாகப் பிரிக்கப்பட்ட ஒரு பகுதியில் எங்கள் வீடு இருக்கிறது. பாதாளச் சாக்கடை எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை. புறவாசலில் இரண்டு அறைகள் கொண்ட செங்கல் கட்டுத் தொட்டியும் (செப்டிக் டேங்க்), அதிலிருந்து வெளியேறும் நீருக்காகச் சிமெண்ட் உறை இறக்கிய ஓர் உறிஞ்சு குழியும் உள்ளன. கோடையில் எந்தத் தொல்லையும் இல்லை. ஐப்பசி பிறந்து, பிசான நெல் சாகுபடிக்குக் கால்வாயில் தண்ணீர் ஓடத் தொடங்கி, மழையும் சேர்ந்துகொண்டால், கீழ்த்தளக் கழிப்பறையில் ஊற்றிய தண்ணீர் இறங்க நெடுநேரம் ஆகிறது. மாடிக் கழிப்பறையில் தண்ணீரைத் திறந்தால் கீழே குமிழியிடும் சத்தம் கேட்கிறது.

லாரியை வரவழைத்து எடுத்தோம். சில நாட்கள் நன்றாக இருந்தது, பிறகு பழைய நிலைதான். தொட்டி சிறியது என்கிறார் லாரிக்காரர். குழியில் இன்னும் சில உறைகளை இறக்கினால் சரியாகிவிடும் என்கிறார் கொத்தனார். பக்கத்து வீட்டுப் பெரியவரோ வெல்லத்தையும் தயிரையும் கரைத்து ஊற்றச் சொல்கிறார். பணத்தைச் செலவழிப்பதற்கு முன்பு பழுது எங்கே இருக்கிறது என்று உறுதியாகக் கண்டுபிடிக்க வழி உண்டா?

கட்டுமானம்_ஓய்வு எழுதியது:

அண்ணாச்சி, நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. கோடையில் வேலை செய்து ஐப்பசியில் நின்றுபோகும் தொட்டி, பெரும்பாலும் தொட்டியின் பழுதாக இருக்காது. ஆனாலும் யூகத்தில் விடாமல், வீட்டிலிருந்து வெளியே செல்லும் வழியிலேயே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போவது நல்லது.

முதலில், எந்தக் கழிப்பறை என்று பாருங்கள். ஒன்று மட்டும் மந்தமாக இருந்து மற்றவை நன்றாக இருந்தால், அடைப்பு அந்தக் கழிப்பறையின் குழாயில்தான் இருக்கும். லாரியை அழைப்பது வீண். எல்லாம் மந்தமாக இருந்து, மிகத் தாழ்வாக உள்ள கழிப்பறை முதலில் பொங்கினால், பழுது பொதுக்குழாயிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறது. அடுத்து, வீட்டுக்கும் தொட்டிக்கும் இடையில் குழாய்களைப் பார்வையிடக் கட்டிய சிறு தொட்டியான சேம்பரின் மூடியைத் திறந்து, உள்ளே ஒருவரைத் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பாருங்கள். சேம்பர் காய்ந்து கிடந்தால் அடைப்பு வீட்டுப் பக்கம். சேம்பரில் தண்ணீர் நிறைந்து நின்றால் தொட்டிப் பக்கம்.

மூன்றாவதாகத் தொட்டி. இங்கேதான் பெரும்பாலானவர்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மூடியைத் திறந்ததும் கழுத்தளவு தண்ணீரைப் பார்த்துவிட்டுத் 'தொட்டி நிறைந்துவிட்டது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நன்றாக இயங்கும் செப்டிக் டேங்க் எப்போதும் நிறைந்துதான் இருக்கும். உள்ளே ஒரு குடம் தண்ணீர் வந்தால் வெளிக்குழாய் வழியே ஒரு குடம் தண்ணீர் வெளியேறும். அடியில் கசடும், மேலே பாலாடைபோல மிதக்கும் அழுக்கு ஆடையும், நடுவில் ஓரளவு தெளிந்த நீரும் என்று மூன்று அடுக்காகப் பிரிந்து நிற்பதற்காகத்தான் அந்தத் தொட்டியே கட்டப்படுகிறது. ஆகவே தொட்டி நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பதில் பொருளில்லை. நீர்மட்டம் வெளிக்குழாயின் அடிவிளிம்புக்கு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். விளிம்போடு ஒட்டி நின்றால் தொட்டியும் குழியும் நலமாக இருக்கின்றன. விளிம்புக்கு மேலே ஏறி, உள்வரும் குழாயை மூழ்கடித்து நின்றால், வெளிக்குழாய் அடைத்திருக்கிறது அல்லது உறிஞ்சு குழி தண்ணீரை வாங்கவில்லை. விளிம்புக்குக் கீழே இறங்கி நின்றால், தொட்டி எங்கேயோ கசிகிறது. வெளிக்குழாய் உள்வரும் குழாயைவிட ஏறக்குறைய இரண்டு அங்குலம் தாழ்வாக இருக்க வேண்டும் என்பது விதி. சில வீடுகளில் இரண்டும் ஒரே மட்டத்தில் வைக்கப்பட்டிருப்பதையும், தொட்டிக்குள் கீழ்நோக்கி இறங்க வேண்டிய, ஆங்கில T வடிவ 'டி' குழாயை வைக்காமல் மிச்சப்படுத்திவிட்டதையும் பார்த்திருக்கிறேன். அந்த 'டி' இல்லையென்றால் மிதக்கும் ஆடை நேரே உறிஞ்சு குழிக்குப் போய் அதன் சுவரை மெழுகிவிடும்.

அடுத்த முறை லாரி எடுக்கும்போது அருகில் நின்று ஒன்றை மட்டும் கவனியுங்கள். தொட்டியின் மட்டம் இறங்க இறங்க, வெளிக்குழாய் வழியாகக் குழியிலிருந்து தண்ணீர் திரும்பித் தொட்டிக்குள் ஓடி வருகிறதா? வந்தால் சந்தேகமே வேண்டாம்: குழி நிறைந்து நிற்கிறது. மாடியில் தண்ணீர் விட்டால் கீழே குமிழியிடுவது, நீர் செல்ல இடமில்லாமல் காற்று பின்னோக்கித் தள்ளப்படுவதன் அறிகுறி. காற்றுக்குழாய் அடைத்திருந்தாலும் அப்படிக் கேட்கும், அதையும் பார்த்துவிடுங்கள்.

வெல்லமும் தயிரும் பாத்திரத்திலேயே இருக்கட்டும். தொட்டிக்குத் தேவையான நுண்ணுயிர்கள் நம் மலத்திலேயே வேண்டிய அளவு இருக்கின்றன. கடையில் விற்கும் பாக்டீரியா தூளுக்கும் இதுவே பதில். ஆசிடையும் பினாயிலையும் வாளிக்கணக்கில் ஊற்றாமல் இருந்தாலே போதும்.

திசையன்விளை_தெற்கு எழுதியது:

எங்கள் பகுதியில் இந்தப் பிரச்சினையே கிடையாது. தேரி மணல் (செம்மணல் மேடு) என்பதால், அடியில் காரை பூசாமல் வெறும் உறைகளை மட்டும் இறக்கி அதிலேயே கழிப்பறைக் குழாயை விட்டுவிடுவோம். என் தகப்பனார் காலத்தில் இறக்கிய குழியை இதுவரை ஒருமுறைகூட எடுத்ததில்லை. எத்தனை பேர் வந்தாலும் நிறையாது. தேவையில்லாமல் இரண்டு அறை, மூன்று அறை என்று தொட்டி கட்டிச் செலவு வைப்பது பொறியாளர்களின் வேலை என்றே எனக்குத் தோன்றுகிறது.

சேரை_வாசகி எழுதியது:

திசையன்விளை அண்ணாச்சிக்கு ஒரு கேள்வி. நிறையாத குழியிலிருந்து அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

சேரன்மகாதேவிப் பக்கத்தில் எங்கள் உறவினர் வீட்டிலும் இதே பெருமை பேசப்பட்டது. கிணற்றுத் தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாகத்தான் இருந்தது. வாடையும் இல்லை, சுவையும் மாறவில்லை. ஆனால் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது. மருத்துவர் சொன்னதன் பேரில் தண்ணீரை ஆய்வுக்குக் கொடுத்தபோது, மலக்கிருமிகள் இருப்பது தெரிந்தது. குழி இருந்த இடம் கிணற்றிலிருந்து சில எட்டுகள் தள்ளித்தான்.

கட்டுமானம்_ஓய்வு எழுதியது:

தங்கச்சி கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. எடுக்கவே தேவைப்படாத தொட்டியை நான் நல்ல தொட்டியாகக் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் கசடு சேர வேண்டும். சேரவில்லையென்றால் அது வெளியேறிக்கொண்டிருக்கிறது. தேரி மணல் வேகமாக உறிஞ்சும் என்பது உண்மை. ஆனால் வேகமாக உறிஞ்சும் மண், வடிகட்டுவதற்கு நேரம் கொடுப்பதில்லை. கிருமிகளுக்கும் நைட்ரேட்டுக்கும் அது திறந்த கதவு.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2470 விதிப்படி, உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் இருக்க வேண்டும். சிறிய வீட்டுத் தொட்டிகளைக்கூட இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது எடுக்க வேண்டும் என்பதும் அதே விதிதான்.

திசையன்விளை_தெற்கு எழுதியது:

18 மீட்டர் என்றால் ஏறக்குறைய 59 அடி. மூன்று சென்ட் மனை என்பது 1,307 சதுர அடி. முப்பதடி அகலம் வைத்தால் நீளம் நாற்பத்து மூன்றரை அடிதான் வரும். ஒரு மூலையில் கிணறும் எதிர் மூலையில் குழியும் வைத்தாலும் 59 அடி கிடைக்காது. விதியை எழுதியவர்கள் எந்த ஊர் மனையைப் பார்த்து எழுதினார்கள்?

கட்டுமானம்_ஓய்வு எழுதியது:

உங்கள் கணக்கு சரி. அதை மறுக்க முடியாது. இன்னும் சொல்லப்போனால், உங்கள் குழியை நீங்கள் தள்ளி வைத்தாலும் பக்கத்து வீட்டுக் குழி உங்கள் கிணற்றுச் சுவரை ஒட்டி இருக்கலாம். சிறு மனைகள் நெருங்கிய இடத்தில், கிணற்று நீரையோ மேலோட்டமான போர் நீரையோ குடிப்பதை விட்டுவிடுவதுதான் நேர்மையான தீர்வு. குடிக்கவும் சமைக்கவும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துத் தண்ணீர். துவைக்கவும் செடிக்கும் கிணறு. தொட்டியை அடியும் சுவரும் கசியாதபடி பூசிக் கட்டிவிட்டால் கசடாவது வெளியே போகாது. குழியை மட்டும் வைத்திருக்கிறவர்கள், இடமிருந்தால் அதற்கு முன்னால் கசியாத ஒரு சிறு தொட்டியைக் கட்டி, பழைய குழியை உறிஞ்சு குழியாக மாற்றிக்கொள்ளலாம்.

நலவாழ்வு_பணி எழுதியது:

தண்ணீர் ஆய்வைப் பற்றி இரண்டு செய்திகள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம். குடிநீரின் 100 மில்லி லிட்டரில் ஒரு மலக்கிருமிகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லி கிராமைத் தாண்டக் கூடாது. இவை இரண்டும் சேர்ந்து உயர்ந்திருந்தால் கழிவுநீர்க் கசிவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. நீர் ஆவியாவதால் அதன் அடர்த்தி சற்றுக் கூடவே செய்யும். கைக்குழந்தைக்குப் பால் கரைக்கும் வீட்டில் இது முக்கியம்.

கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடுவது, புதிய நல்ல பவுடராக இருந்தால், 1,000 லிட்டருக்கு ஏறக்குறைய 2.5 கிராம் என்பது பொதுக் கணக்கு. ஆனால் கசிவு நிற்காதவரை அது அன்றைய நாளுக்கு மட்டும்தான்.

இன்னொன்று, தொட்டியின் காற்றுக்குழாய் வாயில் கொசுவலைத் துணியைக் கட்டுங்கள். வலை கட்டாத காற்றுக்குழாயும் விரிசல் விட்ட மூடியும் கொசுவுக்கு வாசல்கள்தான்.

டவுன்_வளவு எழுதியது:

இதோடு தொடர்புடைய ஒரு சந்தேகம். எங்கள் வளவில் ஐந்து குடித்தனங்களுக்கும் ஒரே தொட்டி. சந்துக்குள் லாரி வர இயலாது. குழாய் எட்டவில்லை என்று சொல்லிப் போய்விட்டார்கள். இறங்கிச் சுத்தம் செய்ய ஆளைக் கூட்டி வருவதாக ஒருவர் சொல்கிறார். தொட்டியை ஒரு நாள் முழுவதும் திறந்து வைத்துவிட்டு, ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தால் போதும் என்கிறார். செய்யலாமா?

நலவாழ்வு_பணி எழுதியது:

கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

கசட்டின் அடியில் ஹைட்ரஜன் சல்பைடு தங்கியிருக்கும். மேலே தெளிவாகத் தெரிந்தாலும், கசட்டைக் கிளறிய நொடியில் அது மொத்தமாக வெளிப்படும். அது காற்றைவிடக் கனமானது. ஒரு நாள் திறந்து வைத்தாலும் குழிக்குள்ளேயே படுத்திருக்கும். அழுகிய முட்டை வாடை வந்தால்தான் ஆபத்து என்று நினைக்கிறார்கள். அளவு கூடியதும் அந்த வாயு மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். வாடை நின்றுவிட்டது என்று இறங்குகிறவர்தான் சாகிறார். அவரைத் தூக்கக் குனிந்து இறங்கும் இரண்டாமவரும் சாகிறார். விளக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: உள்ளே மீத்தேனும் இருக்கிறது, அது தீப்பிடிக்கும்.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளும் தொழிலில் ஈடுபடுத்தத் தடை மற்றும் மறுவாழ்வுச் சட்டப்படி, பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் ஆளைத் தொட்டியில் இறக்கினால் முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறையோ இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். கூப்பிட்ட வீட்டுக்காரரும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு இழப்பீடு 30 இலட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உயர்த்தியது. 'அவர்களுக்குப் பழக்கம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த வாயுவுக்கு யாருடைய நுரையீரலும் பழகுவதில்லை.

சந்து நீளமென்றால் கூடுதல் குழாய்களை இணைத்து இழுக்க முடியும். சிறிய வண்டிகளும் இருக்கின்றன. மாநகராட்சி அலுவலகத்திலோ 14420 என்ற உதவி எண்ணிலோ கேட்டு ஏற்பாடு செய்யுங்கள். தொட்டியிலிருந்து தெருமுகத்தை நோக்கி ஒரு குழாயை நிரந்தரமாகப் பதித்து வைத்துக்கொள்வதும் வளவு வீடுகளுக்கு நல்ல யோசனை. ஐந்து குடித்தனங்களும் பங்கிட்டால் பாரமாக இராது.

கட்டுமானம்_ஓய்வு எழுதியது:

மூடியைப் பற்றியும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அதே வாயு, மேல்மூடிக் கான்கிரீட்டின் அடிப்பக்கத்தையும் உள்ளே உள்ள கம்பியையும் ஆண்டுக்கணக்கில் அரிக்கும். மேலே தளம் புதிதுபோல இருக்கும். அடியில் காரை உதிர்ந்து கம்பி துருவேறியிருக்கும். பழைய தொட்டியின் மேல் கார் நிறுத்துவதும், பிள்ளைகளை விளையாட விடுவதும் வேண்டாம். லாரி எடுக்கும் நாளில் மூடியைப் புரட்டி அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

லாரிக்காரரிடம் எங்கே கொட்டப் போகிறீர்கள் என்றும் கேளுங்கள். மாநகராட்சியின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ராமையன்பட்டியில் இருக்கிறது. இரவில் கால்வாய்க் கரையில் திறந்துவிடும் வண்டி சற்று மலிவாகக் கிடைக்கும். நாம் குடிக்கும் தாமிரபரணிக்கே அது திரும்பிப் போகிறது.

சேரை_வாசகி எழுதியது:

சென்னையிலிருந்து கோயில் கொடை விழாவுக்கு வந்து வீட்டைத் திறக்கும்போதெல்லாம் குளியலறையில் கழிவுநீர் வாடை தாங்க முடியவில்லை என்று என் அண்ணன் சொல்கிறார். தொட்டியை எடுத்து ஓராண்டுகூட ஆகவில்லை. இதுவும் தொட்டிப் பழுதுதானா?

கட்டுமானம்_ஓய்வு எழுதியது:

இல்லை. பூட்டிக் கிடந்த வீட்டில் தரைப்பொறியில் (தரை வடிகாலுக்கு அடியில் உள்ள வளைவில்) நிற்க வேண்டிய தண்ணீர் காய்ந்துவிடுகிறது. அந்தத் தண்ணீர்தான் வாடையைத் தடுக்கும் தாழ்ப்பாள். எல்லா வடிகாலிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் போய்விடும். ஊருக்குப் புறப்படும்போது தண்ணீரின் மேல் சிறிது தேங்காய் எண்ணெய் விட்டுவிட்டுப் போனால் காய்வது தாமதமாகும்.

பாளை_மேற்கு எழுதியது:

நீங்கள் சொன்ன வரிசையிலேயே பார்த்தேன். சேம்பரில் தண்ணீர் நிற்கிறது. தொட்டியில் நீர்மட்டம் வெளிக்குழாயின் விளிம்புக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்கு ஏறியிருக்கிறது. லாரி எடுத்தபோது குழியிலிருந்து தண்ணீர் திரும்பி ஓடி வந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். 'டி' குழாய் இருக்கிறது, அடைப்பும் இல்லை. வீட்டைக் கட்டியவர்கள் மொட்டைமாடி மழைநீர்க் குழாயை அதே உறிஞ்சு குழியில் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பதும் இப்போதுதான் தெரியவந்தது. கொத்தனார் சொன்னபடி இன்னும் உறை இறக்கலாமா?

கட்டுமானம்_ஓய்வு எழுதியது:

இறக்க வேண்டாம். கால்வாய் ஓடும் மாதங்களில் உங்கள் பகுதியில் நிலத்தடி நீரே குழியின் வயிற்றளவுக்கு ஏறி நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் அந்த நீருக்குள்ளேயே தோண்டுகிறீர்கள்; குழி ஒரு கிணறாகிவிடும், கழிவுநீர் நேரே நிலத்தடி நீரில் கலக்கும்.

மழைநீர்க் குழாயை இன்றே பிரித்து வேறு பக்கம் திருப்புங்கள். அது ஒன்றே கணிசமான வேறுபாட்டைத் தரும். ஒழுகும் ஃபிளஷ் தொட்டி இருந்தால் வாஷரை மாற்றுங்கள். சத்தமில்லாமல் ஒழுகும் ஒரு ஃபிளஷ் தொட்டி, இரவு பகலாகக் குழியை நிரப்பிக்கொண்டிருக்கும். நிலம் நனைந்திருக்கும்போது தொட்டியை மீண்டும் மீண்டும் காலி செய்யாதீர்கள். வெளியே நீர் அழுத்தம் இருக்க உள்ளே வெறுமையாக இருந்தால், செங்கல் சுவர் விரிசல் விடலாம். பிளாஸ்டிக் தொட்டி என்றால் மிதந்து மேலே எழும்பிவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழைக்குப் பிறகு, வெள்ளம் முழுவதும் வடிவதற்குள் அவசரப்பட்டு எடுத்த சில தொட்டிகளுக்கு இதுதான் நேர்ந்தது. எடுத்தே ஆக வேண்டுமானால் அடியில் சிறிது கசடை விதையாக விட்டுவிட்டு, உடனே நல்ல தண்ணீரை நிரப்பிவிடுங்கள்.

நிலையான தீர்வு, ஆழத்தைக் கைவிட்டு அகலத்துக்குப் போவதுதான். வீட்டின் முன்பக்கம் மேடாக இருந்தால், ஆழமில்லாத நீண்ட அகழியில் ஜல்லி பரப்பி, துளையிட்ட குழாயைப் பதித்து, தொட்டியிலிருந்து வரும் நீரை அதில் பரவவிடலாம். மேலே கல்வாழையும் வாழையும் நட்டால் அவையும் ஓரளவு உறிஞ்சும். மேடு இல்லையென்றால், தொட்டிக்கு அடுத்து ஜல்லி நிரப்பிய மேல்நோக்கு வடிகட்டி (நீர் அடியிலிருந்து மேலே ஏறும்) அறையொன்றைக் கட்டி, அதன் நீரை மண்ணேற்றி உயர்த்திய பாத்தியில் விடலாம். நீர் அங்கே ஏற ஒரு சிறு மோட்டார் தேவைப்படும். பாதாளச் சாக்கடை உங்கள் தெருவுக்கு விரைவில் வரும் என்று உறுதியாகத் தெரிந்தால், மழைநீரைப் பிரித்து இந்தப் பருவத்தை ஓட்டிவிட்டு, அந்தப் பணத்தை இணைப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாளை_மேற்கு எழுதியது:

அகழி வேலையைப் பங்குனி, சித்திரையில், கால்வாய் அடைத்து நிலம் காய்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று கொத்தனார் சொல்கிறார். சரிதானா?

கட்டுமானம்_ஓய்வு எழுதியது:

வேலையை அப்போது செய்யலாம். சோதனையை அப்போது செய்யக் கூடாது. சித்திரையில் தோண்டிப் பார்த்தால் எந்த மண்ணும் தண்ணீரைக் குடிக்கும். அகழி வரப்போகும் இடத்தில் ஒரு சிறு குழியை இப்போதே, கார்த்திகை மழை நிற்கும் ஓர் இடைவெளியில் தோண்டுங்கள். நிலத்தடி நீர் எந்த மட்டத்தில் ஊறி நிற்கிறது என்று முதலில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலே உள்ள மண்ணில் இன்னொரு குழியெடுத்து, இரவு முழுவதும் தண்ணீர் நிரப்பி ஊறவிட்டு, மறுநாள் மீண்டும் ஊற்றி, ஒரு சென்டிமீட்டர் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். இருபத்தைந்து நிமிடத்துக்குள் இறங்கினால் அகழி போதும். அதைத் தாண்டினால் உயர்த்திய பாத்திக்குத்தான் போக வேண்டும். அளவை இங்கே எழுதுங்கள். அகழியின் நீளத்தைக் கணக்கிட்டுச் சொல்கிறேன்.